பச்சை விளக்கை உரைத்துப் பாருங்கள்

வாசகி கடிதம்

அண்ணாச்சிக்கு வணக்கம். வண்ணார்பேட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு தனியார் வங்கிக்கு நகைக்கடன் செயலியையும் யுபிஐ கணக்குச் சரிபார்ப்பையும் நாங்கள்தான் நடத்திக் கொடுக்கிறோம். எல்லாமே கிளவுடில், கன்டெய்னர் என்ற தனித்தனிப் பொட்டலங்களாக, அவற்றை மேய்க்கிற குபெர்னெட்டீஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. காலாண்டுக்கு ஒருமுறை வங்கியின் ஆடிட்டர்கள் வரும்போது நாலு பேர் இரண்டு வாரம் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து எக்செல்லில் ஒட்டுகிறோம். போன தடவை வந்தவர், ‘மார்ச் 14 இரவு ஓடிய கன்டெய்னரைக் காட்டுங்கள்’ என்று கேட்டார். அது என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது, எதைக் காட்டுவது? இப்போது மேலாளர், மூன்று மாதத்துக்குள் கம்ப்ளையன்ஸ் (விதிகளைப் பின்பற்றுகிறோம் என்று காட்டும் வேலை) முழுவதையும் தானியங்கியாக்கி, ஒரே திரையில் பச்சை விளக்காகக் காட்ட வேண்டும் என்கிறார். பொறுப்பாளர் என்று என் பெயரைப் போடப் போகிறார்களாம். எந்தக் கருவி வாங்கலாம்? எல்லாவற்றையும் தானியங்கியாக்க முடியுமா? பெயர் போட ஒப்புக்கொள்ளலாமா?

பதில்

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் பச்சை விளக்குதான் அம்மா. கருவி எது, பெயர் யாருடையது என்பதெல்லாம் பிறகு. அந்த விளக்கோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வங்கியின் கிளவுட் அமைப்பைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். சுவர் நிறைய ஒரு திரை. அதன் நடுவில் பெரிய எழுத்தில் ‘பாலிசி மீறல்கள்: 0’, சுற்றிலும் பச்சை. எத்தனை நாளாகப் பூஜ்யம் என்று கேட்டேன். ஏழு வாரம் என்றார்கள், பெருமையாக. ஏழு வாரம் ஒரு தவறுகூடச் செய்யாத டெவலப்பர்களை இருபது ஆண்டுகளில் நான் எங்குமே பார்த்ததில்லை. ‘ரூட் அதிகாரத்தோடு ஓடுகிற மாதிரி, பொது இடத்திலிருந்து இறக்கிய ஓர் இமேஜை வைத்து பாட் ஒன்றை அனுப்புங்களேன், என்ன சொல்கிறது பார்ப்போம்’ என்றேன். (இமேஜ் என்பது கன்டெய்னரை எழுப்புகிற அச்சு, பாட் என்பது கன்டெய்னர் குடியிருக்கிற கூடு, ரூட் என்பது எதையும் செய்யவல்ல உச்ச அதிகாரம்.) அனுப்பினார்கள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடத் தொடங்கியது. திரை பச்சையாகவே இருந்தது. அறையில் யாரும் பேசவில்லை.

நடந்தது இதுதான். அந்த வங்கியில் குபெர்னெட்டீஸின் வாசலான ஏபிஐ சர்வர், எந்தக் கோரிக்கையையும் ஏற்பதற்கு முன் ‘இதை விடலாமா?’ என்று, விதிகளைச் சரிபார்க்கும் பாலிசி எஞ்சினை வெப்ஹுக் என்ற அழைப்பு வழியாகக் கேட்கும். எஞ்சினிடமிருந்து பதில் வராவிட்டால் விடக்கூடாது என்று அமைத்திருந்தார்கள். கண்டிப்பான ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த எஞ்சின் அதே க்ளஸ்டருக்குள், அதாவது அதே இயந்திரக் கூட்டத்துக்குள், ஒற்றைப் பாடாக ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இரவு பராமரிப்புக்காக ஒரு நோடை, அதாவது கூட்டத்தில் ஓர் இயந்திரத்தை, இறக்கியபோது அந்தப் பாடும் கூடவே போயிற்று. புதிதாக எழுந்து வர வேண்டிய எஞ்சின் பாடுக்கும் எஞ்சினுடைய அனுமதி வேண்டியிருந்தது. காவல்காரர் உள்ளே வருவதற்குக் காவல்காரரிடமே சீட்டு வாங்க வேண்டும் என்றால் எப்படி? எந்தப் பாடும் எழவில்லை. பணப்பரிமாற்றச் செயலியும் எழவில்லை. இரவு இரண்டு மணிக்குப் பணியிலிருந்த பையன் அந்த வெப்ஹுக் அமைப்பையே அழித்தான். உடனே எல்லாம் எழுந்தன. அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். விடிந்ததும் அவன் முறை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டான். அழித்ததை யாரும் எழுதி வைக்கவில்லை, திரும்பப் போடவும் இல்லை. அன்றிலிருந்து வாசலில் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் மீறல் எப்படிப் பதிவாகும்?

‘மீறல் இல்லை’ என்பதற்கும் ‘பார்க்க ஆள் இல்லை’ என்பதற்கும் திரையில் ஒரே நிறம்தான். உங்கள் மேலாளர் கேட்கும் ஒற்றைத் திரையைக் கட்டுவதற்கு முன்னால் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

என் அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவர். நகைக்கடன்தான் அங்கே பெரிய வியாபாரம். ஆய்வுக்கு வருகிற அதிகாரி பேரேட்டைப் புரட்டிவிட்டுக் காபி குடித்துப் போகிறவர் அல்ல. பெட்டகத்தைத் திறக்கச் சொல்வார். ஒரு சாவி மேலாளரிடம் இருக்கும், இன்னொன்று அப்பாவிடம். அடுக்கின் நடுவிலிருந்து நாலு பைகளை உருவி, முத்திரை கலையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். வேறு கிளையிலிருந்து கூட்டி வந்த மதிப்பீட்டாளர் எடை போடுவார். பிறகு உரைகல்லை எடுத்து நகையை ஓர் இழுப்பு இழுத்து, அந்தக் கோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று தெரிந்திருந்தும் அந்த ஒரு நிமிடம் தனக்கு மூச்சு நின்றுவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பேரேட்டில் ‘22 காரட்’ என்று எழுதியிருப்பதை அங்கே யாரும் சான்றாக எடுத்துக்கொண்டதில்லை.

நீங்கள் நாலு பேரும் எக்செல்லில் ஒட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டுகள் பேரேட்டின் புகைப்படங்கள். அதையே ஒரு நிரல் எடுத்து ஒட்டினால் உங்கள் இரண்டு வாரம் மிச்சமாகும், சந்தோஷம்தான். உரைத்துப் பார்க்கிற வேலை அப்போதும் பாக்கி நிற்கும். ஆகவே நான் சொல்கிற தானியங்கி இப்படி இருக்கும்: ஒவ்வொரு விதிக்கும் இரண்டு நிரல்கள் எழுதுங்கள். ஒன்று விதியை அமல்படுத்துவது. இன்னொன்று தினமும் அதே விதியை மீறிப் பார்ப்பது.

ரூட்டாக ஓடும் பாடுக்கு அனுமதி இல்லை என்பது விதியானால், தினமும் காலையில் ஒரு சிறு நிரல் அப்படிப்பட்ட பாட் ஒன்றை வேண்டுமென்றே அனுப்பட்டும். குபெர்னெட்டீஸுக்குக் கட்டளை அனுப்பும் க்யூப் சிடிஎல் கருவியில் சர்வர் பக்க ட்ரை-ரன், அதாவது ஒத்திகை, வசதி இருக்கிறது. கோரிக்கை எல்லா வாசலிலும் நின்று கேட்கப்படும், ஆனால் எதுவும் சேமிக்கப்படாது, எதுவும் ஓடாது. அதனால் உண்மையான க்ளஸ்டரிலேயே பயமின்றிச் செய்யலாம். ‘மறுக்கப்பட்டது’ என்ற பதிலை, தேதி, நேரம், மறுத்த விதியின் பெயர், அந்த விதியின் பதிப்பு ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் சான்று. அனுமதிக்கப்பட்டால் சிவப்பு. சோதனை அன்றைக்கு ஓடவே இல்லையென்றாலும் சிவப்பு. இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இன்னொரு இடத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பணப்பரிமாற்றத் தரவுகள் முழுவதும் இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று சுற்றறிக்கை விட்டது. யுபிஐ வேலை செய்கிற உங்களுக்கு இது பைபிள், குர்ஆன், கீதை எல்லாம். இதை எப்படித் தானியங்கியாக்குவீர்கள் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர், ‘மும்பை, ஐதராபாத் தவிர வேறெங்கும் சர்வர் திறக்க முடியாதபடி கிளவுட் கணக்கில் தடை போட்டுவிட்டோம்’ என்பார்கள். நல்லது, அவசியம் போடுங்கள். ஆனால் நான் பார்த்த கசிவு எதுவும் டேட்டாபேஸ் வழியாகப் போனதில்லை, செயலி எழுதிக்கொண்டே போகும் பதிவான லாக் வழியாகப் போனவைதான். ஒரு டெவலப்பர் பிழை தேடுவதற்காக, வருகிற கோரிக்கையை முழுசாக அச்சிடும் ஒரு வரியைப் போட்டிருப்பார். வேலை முடிந்ததும் எடுக்க மறந்திருப்பார். அந்த லாக் அப்படியே ஒரு கண்காணிப்புச் சேவைக்குப் போகும். அந்தச் சேவையின் சேமிப்பு கடல் தாண்டி இருக்கும். டேட்டாபேஸ் மும்பையை விட்டு ஓரடி நகரவில்லை, யுபிஐ முகவரியும் தொகையும் மட்டும் தினமும் வெளிநாடு போய்க்கொண்டிருக்கும்.

இதைத் தடுக்க நெட்வொர்க் பாலிசி எழுதி, வெளியே போகும் வழியை அடைப்பீர்கள். இங்கேதான் பொறி. குபெர்னெட்டீஸ் அந்தப் பாலிசியைச் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளும், ஆனால் அதை அமல்படுத்துவது அதன் வேலை இல்லை. அதைச் செய்ய வேண்டியது, அதோடு தனியாக இணைக்கும் நெட்வொர்க் ப்ளகின். ப்ளகினுக்கு அந்தத் திறன் இல்லையென்றால், அல்லது அந்த வசதி அணைந்து கிடந்தால், பாலிசி ஏட்டுச் சுரைக்காய். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ‘நெட்வொர்க் பாலிசி இருக்கிறதா?’ என்று கேட்கும் எல்லாக் கருவிகளும் ‘இருக்கிறது’ என்று பச்சை காட்டும். அதனால் சோதனை நிரலை ஒரு பாடுக்குள் வைத்து, வெளியே ஒரு முகவரியைத் தொட முயலச் சொல்லுங்கள். தொட முடியவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். கூடவே லாக் அனுப்பும் வாய்க்காலில், யுபிஐ முகவரி போலவோ அட்டை எண் போலவோ தெரிவதை மறைக்கிற வடிகட்டியைப் போட்டு, தினமும் ஒரு பொய் எண்ணை அதற்குள் விட்டு, மறு முனையில் நட்சத்திரக் குறிகளாக வருகிறதா என்று பாருங்கள்.

சரி, மார்ச் 14 இரவுக்கு வருவோம். அந்த ஆடிட்டர் கேட்டது அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அவர் கேட்டது நியாயம், கேட்ட விதம்தான் பழைய காலத்தது. சர்வரைக் காட்டு என்று கேட்டுப் பழகியவர். கன்டெய்னர் பிறந்து சாகிற சாதி, அதைக் காட்ட முடியாது. ஆனால் அதன் பிறப்பு இறப்புப் பதிவைக் காட்டலாம், காட்டியே ஆக வேண்டும். குபெர்னெட்டீஸின் நிகழ்வுப் பதிவுகளை நம்பி இருக்காதீர்கள். இயல்பு அமைப்பில் அவை ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். உங்களுக்கு வேண்டியது ஏபிஐ சர்வரின் ஆடிட் லாக். யார், எப்போது, எதை உருவாக்கினார், எதை அழித்தார், ஓடுகிற பாடுக்குள் யார் நுழைந்து கட்டளை அடித்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கிளவுட் நிறுவனம் நடத்திக் கொடுக்கும் க்ளஸ்டரில் இது தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அமேசானின் குபெர்னெட்டீஸ் சேவையான இகேஎஸ்ஸில் நீங்கள் போய் இயக்கினால்தான் உண்டு. இயக்கும்போது ஒரு கவனம்: நாமே அமைக்கும் க்ளஸ்டரில் எல்லாவற்றையும் முழு விவரத்தோடு எழுதச் சொன்னால் சீக்ரெட்டுகளின் (கடவுச்சொல், சாவி போன்றவை) உள்ளடக்கமும் லாக்கில் வந்து உட்காரும். சீக்ரெட்டுகளுக்கு மட்டும், யார் எப்போது தொட்டார் என்ற மெட்டாடேட்டா அளவோடு நிறுத்துங்கள். (சீக்ரெட் என்று பெயர் இருப்பதால் அது மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். இயல்பு அமைப்பில் அது பேஸ்64 எழுத்துமாற்றம்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பிரித்துப் படித்துவிடும்.)

அடுத்தது இமேஜ். அன்றைக்கு ஓடியது ‘நகைக்கடன் 2.3’ என்று டேகைக் காட்டினால் ஆடிட்டர் ஏற்கக்கூடாது, நான் ஏற்க மாட்டேன். டேக் என்பது நகைப் பையில் ஒட்டிய சீட்டு. அதைக் கிழித்து வேறு பையில் ஒட்டிவிடலாம். இமேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் டைஜெஸ்ட்தான் முத்திரை. இமேஜில் ஒரு பிட் மாறினாலும் அது மாறிவிடும். ஆகவே உற்பத்திச் சூழலில் டைஜெஸ்ட் இல்லாத எந்த இமேஜுக்கும் அனுமதி இல்லை என்று விதி போடுங்கள். பில்டு ஆனதும், அதாவது நிரலிலிருந்து இமேஜ் உருவானதும், காஸைன் என்ற கருவி கொண்டு கையெழுத்திட்டு, கையெழுத்து இல்லாததை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அப்போது ஆடிட்டரிடம் இப்படிச் சொல்லலாம்: ‘மார்ச் 14 இரவு 9.40க்கு இந்த டைஜெஸ்ட் கொண்ட இமேஜ் எழுந்தது, 11.05க்கு அணைந்தது. கிட் என்ற நிரல் பதிவேட்டின் இந்த மாற்றத்திலிருந்து பில்டு ஆனது. எழுதியவர் இவர், ஒப்புதல் தந்தவர் வேறொருவர். ஸ்கேன் முடிவு இது. இமேஜ் இன்னும் கிடங்கான ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. வேண்டுமானால் இப்போதே உங்கள் கண்முன் எழுப்பிக் காட்டுகிறேன்.’ செத்த கன்டெய்னரை உயிரோடு கொண்டு வருகிற வித்தை வேறெந்தத் தொழில்நுட்பத்திலும் இவ்வளவு சுலபமில்லை. அந்த ஆடிட்டர் மனம் குளிர்ந்து போவார்.

இந்தப் பதிவுகளை க்ளஸ்டருக்கு வெளியே, வேறு கிளவுட் கணக்கில், ஒருமுறை எழுதினால் குறிப்பிட்ட காலம்வரை யாராலும் அழிக்க முடியாத சேமிப்பில் வையுங்கள். உங்களாலும் அழிக்க முடியக்கூடாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி கணினி அமைப்புகளின் லாக்குகள் 180 நாட்களுக்கு இந்திய எல்லைக்குள் இருக்க வேண்டும். வங்கியின் சொந்தக் கொள்கை அதற்கு மேலும் கேட்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். கடிகாரத்தையும் அதே உத்தரவு பேசுகிறது. தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். கன்டெய்னருக்குத் தனிக் கடிகாரம் கிடையாது, நோடின் கடிகாரம்தான். எனவே சோதனையை நோடில் வையுங்கள்.

எல்லாவற்றையும் தானியங்கியாக்க முடியுமா என்றால், முடியாது. எது முடியாது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வணிக வங்கிகளுக்கான ரிசர்வ் வங்கியின் தகவல் தொழில்நுட்ப ஆளுகை பற்றிய தொகுப்பு உத்தரவான மாஸ்டர் டைரக்‌ஷன் 2023 நவம்பர் 7 அன்று வந்தது, 2024 ஏப்ரல் 1 அன்று நடப்புக்கு வந்தது. முக்கியமான அமைப்புகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பலவீனச் சோதனை, பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஊடுருவல் சோதனை என்கிறது அது. தேதியை நினைவூட்டலாம், அறிக்கையைச் சேகரிக்கலாம், அவையெல்லாம் இயந்திரத்தின் வேலை. ஆனால் ‘முக்கியமான அமைப்பு’ எது? உங்கள் நகைக்கடன் செயலி அதில் சேருமா? அதை நீங்கள், செயலி குடியிருக்கும் பிரிவான நேம்ஸ்பேஸில் ஒரு லேபிளாக ஒட்டுவீர்கள். ஒட்டுவதற்கான அதிகாரம் வங்கியின் கடிதத்திலிருந்து வர வேண்டும், உங்கள் ஊகத்திலிருந்து அல்ல. அந்த லேபிளை நம்பித்தான் மற்ற எல்லா நிரலும் ஓடும்.

ஆறு மாதக் கணக்கு கன்டெய்னருக்குப் போதவே போதாது என்பது என் கருத்து. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற மென்பொருள் நூலகத்தின் ஓட்டை வெளியே வந்தபோது, நேற்றுவரை ஸ்கேனில் சுத்தமாக இருந்த இமேஜ்கள் ஒரே இரவில் அழுக்காயின. இமேஜ் மாறவில்லை, நம் அறிவுதான் மாறியது. வாசலில் ஒருமுறை பார்த்தால் போதும் என்று இருந்தவர்கள் அந்த வாரம் தூங்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இமேஜ்களைத் தினமும் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு இமேஜுக்குள்ளும் எந்தெந்த நூலகங்கள் இருக்கின்றன என்ற பட்டியலை பில்டு நேரத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘நம்மிடம் அது எங்கே இருக்கிறது?’ என்று வங்கி கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வர வேண்டும்.

ஆறு மணி நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதையும் உங்கள் மேலாளர் காதில் போடுங்கள். 2023 ஏப்ரல் 10 அன்று வந்த, தகவல் தொழில்நுட்ப வேலைகளை வெளியே கொடுப்பது பற்றிய மாஸ்டர் டைரக்‌ஷன்படி, சைபர் சம்பவம் நடந்தால் வங்கி ரிசர்வ் வங்கிக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரம் வங்கிக்குத் தெரிந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. உங்கள் நிறுவனத்துக்குத் தெரிந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு உங்கள் அரட்டைக் குழுவில் ஓர் எச்சரிக்கை வந்து விழுந்து, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நீங்கள் பார்த்தால், வங்கி தோற்றுவிட்டது. எச்சரிக்கை வங்கியின் பணி அதிகாரி கைப்பேசியில் மணியாக அடிக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறை பொய் எச்சரிக்கை விட்டு இதையும் உரைத்துப் பாருங்கள், இரவில்.

இனி விலக்குகள். விதியை எழுதுவது யாராலும் முடியும், விலக்கை நடத்துவதில்தான் இந்த வேலை நிற்கும் அல்லது விழும். ஏதோ ஒரு பழைய செயலி ரூட் இல்லாமல் ஓட மாட்டேன் என்னும். வியாபாரம் நிற்கக்கூடாது என்று அதற்கு விலக்கு கொடுப்பீர்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் விளக்கு வந்துவிடும். தேர் நிலைக்கு வந்து இரண்டு ஆண்டாகியும் கரண்ட் வராமல் இருக்கிற வீதியைக் கற்பனை செய்ய முடியுமா? க்ளஸ்டர்களில் நான் அதை அடிக்கடி பார்க்கிறேன். ‘தற்காலிகம்’ என்று போட்ட விலக்கு, போட்டவர் வேறு வேலைக்குப் போன பிறகும் அப்படியே கிடக்கும்.

ஆகவே விலக்கையும் கிட்டில், ஒரு கோப்பாக எழுதுங்கள். எந்த விதி, எந்தச் செயலி, ஏன், இழப்புக்கு மாற்றுக் காவல் என்ன, ஒப்புதல் தந்த வங்கி அதிகாரி யார், எந்தத் தேதியில் முடிகிறது. கைவெர்னோ என்ற பாலிசி எஞ்சினில் விலக்கு ஒரு தனிப் பொருளாகவே உண்டு. காலாவதி லேபிள் ஒட்டினால் தானே அழிந்துபோகும் வசதியும் இருக்கிறது. முடிகிற தேதி இல்லாத விலக்கைச் சேர்க்கவே முடியாதபடி ஒரு விதி போட்டுவிடுங்கள். அந்த இரவு இரண்டு மணிப் பையனுக்கும் ஒரு வழி வையுங்கள். அவசரத்தில் உடைத்துத் திறக்கிற கணக்கு ஒன்று, திறந்த நொடியில் நாலு பேருக்கு மணியடிக்கிறது, நாலு மணி நேரத்தில் தானே பூட்டிக்கொள்கிறது. அவனைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் உடைப்பான்.

கருவி பற்றி அதிகம் சொல்ல இல்லை. காசு கொடுத்து எதையும் இப்போது வாங்க வேண்டாம். ட்ரிவி ஸ்கேனுக்கு, காஸைன் கையெழுத்துக்கு, கைவெர்னோ அல்லது கேட்கீப்பர் விதிக்கு. எல்லாமே திறமூலம். கேட்கீப்பருக்கு ரெகோ என்று ஒரு தனி மொழி படிக்க வேண்டும். அமைப்புக் கோப்புகளுக்கு நீங்கள் தினமும் எழுதுகிற யாமலிலேயே விதி எழுதலாம் என்பதால் கைவெர்னோ பக்கம் சாய்கிறேன். எளிய விதிகளைக் குபெர்னெட்டீஸிலேயே உள்ள வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசியில் எழுதுங்கள். 1.30 பதிப்பில் அது நிலையான வசதியாகிவிட்டது. ஏபிஐ சர்வருக்குள்ளேயே ஓடுவதால் தனியாகச் சாவதற்கு ஒரு பாட் இல்லை. நான் சொன்ன அந்த இரவு அங்கே வராது. வெப்ஹுக் வைத்தே ஆக வேண்டிய விதிகளுக்கு எஞ்சினை மூன்று பாடுகளாக வெவ்வேறு நோடுகளில் ஓட்டி, அதன் சொந்த நேம்ஸ்பேஸை அதன் கேள்வியிலிருந்து விலக்கி வையுங்கள். எந்த விதியையும் முதலில் சில வாரம் தணிக்கை நிலையில், அதாவது எழுதி வைக்கும் ஆனால் தடுக்காத நிலையில், ஓட்டிவிட்டுப் பிறகு தடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்தில் பத்து விதிகள் போதும் என்று மேலாளரிடம் பேரம் பேசுங்கள். பத்தும் உரைகல்லோடு. நூறு விதியைப் பச்சையாகக் காட்டி, அதில் எத்தனை உண்மை என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதை எந்த நல்ல ஆடிட்டரும் மதிக்க மாட்டார்.

கடைசியாக உங்கள் பெயர். வேலையை வெளியே கொடுத்துவிட்டதால் வங்கியின் பொறுப்பு குறையாது என்பது அந்த 2023 ஏப்ரல் டைரக்‌ஷனின் அடிப்படை. இயக்குநர் குழுவும் மூத்த நிர்வாகமும்தான் இறுதியில் பதில் சொல்ல வேண்டியவர்கள். எனவே ‘கம்ப்ளையன்ஸ் பொறுப்பாளர்’ என்று பொத்தாம்பொதுவாக உங்கள் பெயரைப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘கீழ்க்கண்ட விதி நிரல்களும் அவற்றின் தினசரிச் சோதனைகளும் ஓடுவதற்குப் பொறுப்பு’ என்று எழுதினால் தாராளமாகக் கையெழுத்திடுங்கள், அது உங்கள் வேலைக்குப் பெருமை. ஒவ்வொரு நிரலுக்கும் மேலே, இது எந்த டைரக்‌ஷனின் எந்தப் பத்திக்கு என்ன பொருள் கொண்டு எழுதப்பட்டது என்று ஒரு வரி இருக்கட்டும். அந்தப் பொருளுக்கு வங்கியின் கம்ப்ளையன்ஸ் அதிகாரி ஒப்புதல் தரட்டும், கிட்டிலேயே. நிரல் எழுதியவரும் ஒப்புதல் தந்தவரும் ஒரே ஆளாக இருந்தால் மாற்றம் உள்ளே போகாதபடி பூட்டிவிடுங்கள். அப்பா கையில் ஒரு சாவிதான் இருந்தது. அதனால்தான் அவர் ஓய்வுபெறும்வரை நிம்மதியாகத் தூங்கினார் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில், எதையும் வாங்குவதற்கும் எழுதுவதற்கும் முன்னால், மேலாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ரூட் பாட் ஒன்றை ட்ரை-ரன்னில் அனுப்பிப் பாருங்கள். மறுக்கப்பட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஏற்கப்பட்டால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், வங்கிக்குப் போன் போடுங்கள்.